பெஞ்சடியில் முளைத்த புல்

நவம்பர் 9

அன்புள்ள அக்கா,

நலம் விசாரிப்பதை எல்லாம் கடைசியில் வைத்துக்கொள்வோம். தீவில் புதுப் புல் ஒன்று முளைத்திருக்கிறது.

புல் முளைத்ததற்கு ஒரு கடிதமா என்று நினைக்காதே. இந்தத் தீவில் முளைக்கிற புல்லெல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி, ஒவ்வொன்றின் முகமும் தெரியும். இது யாரென்றே தெரியவில்லை. காவல் வீட்டுக்குப் பின்னால் பெஞ்ச் கிடக்கிறதே, ஏப்ரலில் நீ வந்திருந்தபோது கால் நீட்டிக்கொண்டு டீ குடித்தாயே, அதன் காலடியில் ஒரு கொத்து. உலகத்தின் தென்கோடியில் நமக்கு எல்லாமே தலைகீழ்தானே, அக்டோபரில் குளிர் முடிந்ததும் தலைகாட்டியிருக்கிறது. மெல்லிய தண்டு, கதிர் முழுக்கச் சின்னச் சின்னக் கொக்கிகள். தொட்டால் கையோடு வந்துவிடுகிறது. ஒரு கதிரைச் சீசாவில் போட்டு மூடி இறுக்கி அனுப்பியிருக்கிறேன். நீ பார்த்ததும் சொல்லிவிடுவாய்.

வீட்டுப் பக்கத்தோடு நின்றால் பரவாயில்லை. தெற்குச் சரிவுக்குப் போனால் கதை முடிந்தது. குழிப்பறவைகள் இந்த வாரம்தான் கடலிலிருந்து திரும்பியிருக்கின்றன. அவை வளை தோண்டி முட்டையிடுவதற்கு இருப்பது அந்த ஒரே சரிவுதான். வேறு எந்தத் தீவிலும் கிடையாது. அங்கே மண் பொலபொலவென்று உதிரும். இந்தப் புல்லின் வேரைப் பிடுங்கிப் பார்த்தேன், மிதியடி மாதிரி பின்னிக் கிடக்கிறது. இத்துனூண்டு காலை வைத்துக்கொண்டு அந்தப் பறவை இதை எங்கே தோண்டும்?

கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. போன பருவத்தில் அவசரத்தில் யாரை விட்டாய்? துறைமுகத்தில் உன் அறையைத் தாண்டாமல் ஒரு பூட்ஸும் இங்கே வருவதில்லை. சாக்ஸ் மடிப்பு, கேமரா பை, தொப்பி எல்லாம் விதை ஒட்டியிருக்கிறதா என்று உன் கைபட்டுத்தான் வருகிறது. பிறகு இது எப்படி வந்தது? அலுவலகத்துக்கு ரேடியோவில் இன்னும் சொல்லவில்லை. உன் பதிலைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

எனக்குச் சளி. மற்றபடி உயிரோடு இருக்கிறேன்.

வாலு

நவம்பர் 23

அடியே வாலு,

தலை நரைத்த பிறகும் உனக்கு இந்தப் பெயர்தான் பொருந்துகிறது. அத்தி பூத்த மாதிரி ஒரு கடிதம் போடுகிறாய், அதிலும் கடிக்கிறாய்.

யாரை விட்டாய் என்றா கேட்கிறாய்? ஒரு நாள் காலையில் வந்து என் அறையில் நின்று பார். படகு கிளம்புகிற நேரத்துக்கு வாசல் வரைக்கும் வரிசை. ஆளாளுக்கு டிக்கெட் வாங்கியபோதே தீவையும் சேர்த்து வாங்கிவிட்ட நினைப்பு. "பூட்ஸ் புதுசுங்க, நேத்துதான் எடுத்தேன்" என்பான். கவிழ்த்துத் தட்டினால் பாதித் தோட்டம் கொட்டும். ஒரு அம்மாள், "வேக்குவம் போட்டா ஸ்வெட்டர் நூல் பிரிஞ்சிடும், நீங்க வாங்கித் தருவீங்களா?" என்று சண்டைக்கு வந்தாள். இன்னொருவன் பாக்கெட்டில் பாதி கடித்த ஆப்பிளை வைத்துக்கொண்டு, "இது என் சாப்பாடு, இதுக்குக்கூடவா சட்டம்?" என்கிறான். நான் இடுக்கியும் டார்ச்சுமாகத் தரையில் முழங்காலிட்டு ஊரார் காலையெல்லாம் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்க்கிறேன். படுக்கையில் கிடந்த அம்மாவின் காலைப் பிடித்ததும் இதே கைதான். அப்போதும் நீ தீவில்தான் இருந்தாய்.

இதை எழுதியிருக்க வேண்டாம். ஏப்ரலில் பேசித் தீர்த்தாயிற்று என்றுதான் நினைத்தேன். தீரவில்லை போல.

உன் சீசாவைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. துறைமுகத்தில் கார் நிறுத்துகிற இடத்தில் மண்டிக் கிடக்கிறதே, அதே புல். ஒவ்வொரு படகுக்கும் சாக்ஸ் சாக்ஸாகப் பிடுங்கிப் பிடுங்கி எனக்குக் கனவில்கூட அதுதான் வருகிறது. இப்போது நான் கேட்கிறேன், நீ பதில் சொல். சுற்றுலா வருகிறவர்கள் வடக்குத் துறையில் இறங்கி, பலகைப் பாதையில் நடந்து, அதே படகில் திரும்பிவிடுகிறார்கள். உன் வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. அப்புறம் பெஞ்சடிக்கு யார் வந்தது? யாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தாய்?

முழங்கால் முன்பைவிட மோசம். பட்டை கட்டிக்கொண்டுதான் வண்டி ஓடுகிறது. அதன் வெல்க்ரோவும் தூசி அடைத்துப்போய் ஒட்டமாட்டேன் என்கிறது. வேலை செய்து அலுத்த பட்டை, அதைச் சொல்லி என்ன பயன்.

கோபமாக எழுதிவிட்டேன். கிழித்துவிட்டு வேறு எழுதத் தெம்பில்லை. சளிக்கு மாத்திரை வைத்திருக்கிறேன், வேளாவேளைக்குப் போடு.

அக்கா

டிசம்பர் 7

அக்கா,

மாத்திரை வந்தது. சளி போய்விட்டது.

புல் விஷயத்தை விட்டுவிடு. பெஞ்சடியில் இருந்ததை வேரோடு தோண்டி எரித்துவிட்டேன். டீ குடிக்க யாரும் வரவில்லை. காற்றில் வந்திருக்கும், இல்லாவிட்டால் ஏதாவது பறவையின் காலில் வந்திருக்கும். இனிமேல் அதைத் துருவிக்கொண்டிருக்க வேண்டாம். உன்னை அப்படிக் கேட்டிருக்கவும் கூடாது. சளிக் கோபம் என்று வைத்துக்கொள்.

பறவைகள் வளை தோண்ட ஆரம்பித்துவிட்டன. பொழுது சாயும்போது கூட்டம் கூட்டமாக வந்து விழுகின்றன. மாதக்கணக்கில் கடல்மேல் பறந்தவற்றுக்குத் தரையில் இறங்கத் தெரிவதில்லை. தொப்பென்று விழுந்து, உருண்டு, எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி நடந்துபோகின்றன. நம் பெரிய மாமா படியில் சறுக்கி விழுந்துவிட்டு யாரும் பார்க்கவில்லையே என்று எழுந்து நடப்பாரே, அதே நடை. நீ பார்த்தால் சிரிப்பாய்.

படகுக்காரர் சொன்னார், துறைமுகப் படியில் நீ ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று இறங்குகிறாயாம். புதுப் பட்டை வாங்கிக்கொள். வெல்க்ரோ வேண்டாம், காலில் இழுத்து மாட்டுகிற மாதிரி வாங்கு. பழையதைத் துவைத்து எடுத்துவைக்கலாம் என்று பார்க்காதே, உன் கஞ்சத்தனம் எனக்குத் தெரியாததா. அடுப்பில் போட்டு எரித்துவிடு. ஏன் எதற்கு என்று கேட்காதே.

வாலு

டிசம்பர் 21

வாலு,

கேட்காதே என்றால் கேட்காமல் இருக்கிறவளா நான்? ஆனால் உன்னைக் கேட்கவில்லை. பட்டையைக் கேட்டேன்.

படகை அனுப்பிவிட்டு, வெள்ளைத் தட்டில் அதை விரித்துப் போட்டு விளக்கைக் கிட்டே இழுத்தேன். வெல்க்ரோவின் முரட்டுப் பக்கத்தை இடுக்கியால் கிளறினேன். மேலே பஞ்சு, நூல், எவன் வீட்டு நாயின் முடியோ. அதற்கு அடியில் விதைகள். நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பாதிக்கு மேல் உன் சீசாவில் வந்த அதே கொக்கி விதை. ஊரார் பூட்ஸிலிருந்து தட்டித் தட்டித் தரையில் கொட்டியிருக்கிறேன், கொட்டிய இடத்திலேயே முழங்காலிட்டிருக்கிறேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். முழங்கால் கண்ணுக்கு எதிரேதானே இருந்தது.

நான் தீவுக்குக் கிளம்பிய அன்று என்னைச் சோதித்தது என்னோடு வேலை பார்க்கிற கண்ணாடிக்காரர். பூட்ஸ், பை, பாக்கெட் எல்லாம் ஒழுங்காகத்தான் பார்த்தார். பட்டையை வேலையில் பேன்ட்டுக்கு மேலே கட்டுவேன். அன்றைக்கு நல்ல உடுப்பு போட்டிருந்ததால் உள்ளே கட்டியிருந்தேன். "வேற ஏதாச்சும் இருக்காக்கா?" என்றார். "எங்கிட்டயா கேக்கறீங்க?" என்று சிரித்தேன். அவரும் சிரித்துக்கொண்டே முத்திரை குத்திவிட்டார். உன் பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் பட்டையைக் கழற்றி உதறினேன். கால் மரத்துப்போயிருந்தது. நீ அடுப்பில் தண்ணீர் வைக்கப் போயிருந்தாய்.

நீ முன்பே கண்டுபிடித்துவிட்டாய். அதனால்தான் எரிக்கச் சொன்னாய். என்னை வெட்கப்படாமல் காப்பாற்றப் பார்க்கிறாய். சின்ன வயதில் நான் உடைத்த பாத்திரங்களை எல்லாம் பூனை தலையில் போட்டவள்தானே.

ஆனால் பெஞ்சில் மட்டுமா கழற்றினேன்? மறுநாள் தெற்குச் சரிவுக்குக் கூட்டிப்போனாய். குஞ்சுக் காலத்தில் உன்னைத் தவிர ஒருவரும் கால் வைக்கக் கூடாத இடம். இத்தனை வருஷம் பேசாமல் இருந்த அக்கா வந்திருக்கிறாள், அவளுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் அந்தக் குஞ்சுகளைக் காட்டினாய். எனக்குத் தெரியும்டி. ஏற முடியாமல் நான் நின்ற இடத்திலெல்லாம் உட்கார்ந்தேன், உட்கார்ந்த இடத்திலெல்லாம் பட்டையைக் கழற்றித் தேய்த்தேன்.

சரிவில் முளைத்திருக்கிறதா? உண்மையைச் சொல். முளைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அலுவலகத்துக்குச் சொல்லிவிடு. ஊருக்குத்தான் உபதேசம் என்று என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

அக்கா

ஜனவரி 4

அக்கா,

முளைத்திருக்கிறது. போதுமா?

சொல்லமாட்டேன். சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்தாயா? உனக்கு ஆயுசுக்கும் இங்கே வரத் தடை போடுவார்கள். சரிவுக்கு ஆளைக் கூட்டிப்போன காவலாளியை அடுத்த படகில் இறக்கிவிடுவார்கள். இறங்கி நான் எங்கே போவேன்? எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். எனக்குப் பதில் வருகிறவனுக்கு எந்த வளையில் எந்த ஜோடி இருக்கிறது என்று தெரியுமா? காலை எங்கே வைத்தால் வளையின் கூரை உள்ளே விழும் என்று தெரியுமா?

நானே பிடுங்குகிறேன். விடிந்ததும் போகிறேன், கண் தெரிகிற வரைக்கும் பிடுங்குகிறேன். ஒரு கொத்தைப் பிடுங்கிவிட்டு நிமிர்ந்தால் அந்தப் பக்கம் இன்னொன்று நிற்கிறது. கை முழுக்கக் கீறல். ராத்திரி சாப்பிடக்கூட அலுப்பாக இருக்கிறது, அப்படியே விழுந்து தூங்கிவிடுகிறேன். பரவாயில்லை. ஒருத்தியால் முடிகிற வேலைதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஏப்ரலில் நீ வருவாய் என்று பின் அறை ஜன்னலின் இடுக்குகளை அடைத்து, கட்டிலைச் சரிபண்ணி வைத்திருக்கிறேன். கடல் சீற்றத்தில் படகு வராமல் அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல் போனவள் நான். அதற்கு நீ என்னோடு பேசாமல் இருந்தாய். சரி, உனக்கும் கஷ்டம். அதெல்லாம் தாண்டி ஒரு வழியாக வந்தாய். அதை ஒரு புல்லுக்காக நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

யாரிடமும் வாய் திறக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

வாலு

ஜனவரி 18

வாலு,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்றே அலுவலகத்துக்குப் போய் நம் மேலதிகாரி மேடத்தைப் பார்த்தேன். விதைத் தட்டை அவர் மேஜைமேல் வைத்தேன். முதலில் நம்பவில்லை. "நீங்களாம்மா? உங்களப் பாத்துதானே புதுசா வர்றவங்களுக்கு வேலை கத்துக்கொடுக்கிறோம்" என்றார். வேலியே பயிரை மேய்ந்த கதைதான் மேடம் என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "சரிவுல எங்கெங்க உக்காந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அந்தச் சரிவு முழுக்க ஒரே மாதிரிதான் தெரிந்தது. என் தங்கைக்குத்தான் தெரியும், அவள் இல்லாமல் ஒரு கொத்தைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது என்று சொன்னேன். அதனால் உன்னை இப்போது இறக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். பிறகு என்ன செய்வார்களோ தெரியாது. களை பிடுங்க ஆட்கள் இந்தக் கடிதத்தோடு அதே படகில் வருகிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் நானும் கண்ணாடிக்காரரும் தலைமுதல் கால்வரை பார்த்துத்தான் ஏற்றினோம். அவர் என் முகத்தைப் பார்க்கவே கூசுகிறார்.

எனக்குத் தடை வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வேலை போகவில்லை. காலைப் பிடிக்க வேறு யார் கிடைப்பார்கள்?

ஒருத்தியால் முடியும் என்று எழுதியிருந்தாய். அம்மாவை ஒருத்தியாகப் பார்த்தவள் நான். முடியும் முடியும் என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் என்ன ஆனேன் என்று எனக்குத் தெரியும். உன்மேல் நான் வருஷக்கணக்காக எரிந்து விழுந்தேனே, அதில் பாதி உன் குற்றமே இல்லை, வெறும் அலுப்பு. நீயும் அப்படி ஆவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

கோபப்படு. எழுதாமல் இருக்க வேண்டுமானால் இரு. அந்தக் கட்டிலில் களை பிடுங்க வந்தவர்களைப் படுக்கவை.

அக்கா

பிப்ரவரி 15

அக்கா,

போன படகுக்கு வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நீ செய்தது சரி என்று இப்போதும் எழுதமாட்டேன்.

வந்தவர்கள் நல்லவர்கள். சத்தம் போடாமல் வேலை செய்கிறார்கள். எல்லோரும் வரிசையாக முழங்காலிட்டுச் சரிவில் நகர்கிறோம். எங்கே தேட வேண்டும் என்று நான்தான் காட்ட வேண்டும். நீ மூச்சு வாங்க உட்கார்ந்த இடமெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிளந்த பாறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா கடைசியில் யாரைக் கேட்டாள் என்று சொன்னாய். அங்கே ஒரு பெரிய கொத்து. கொஞ்சம் மேலே, குஞ்சு கையைக் கொத்தியதும் சிரித்தாய். நீ சிரித்துப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிவிட்டது என்று அன்றைக்கு நினைத்தேன். அங்கேயும் இருக்கிறது. நாம் எங்கெல்லாம் நின்று பேசினோமோ அங்கெல்லாம் முளைத்திருக்கிறது. நான் கை காட்டுகிறேன், அவர்கள் தோண்டுகிறார்கள்.

பாறைப் பக்கத்தில் ஒரு வளையின் வாயை வேர் அடைத்துவிட்டது. பறவை வெளியிலேயே உட்கார்ந்திருந்தது. நாங்கள் வெட்டித் திறந்தபோது உள்ளே முட்டை குளிர்ந்துபோயிருந்தது. அந்தப் பறவை அதற்கப்புறமும் போகவில்லை, இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது. மற்ற வளைகளில் குஞ்சுகள் இருக்கின்றன. இன்னும் ஒரு வருஷம் நான் மட்டும் பிடுங்கிக்கொண்டிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று களைக்காரர்களில் மூத்தவர் சொன்னார். அதை நான் உனக்கு எழுதமாட்டேன்.

மேடம் ரேடியோவில் பேசினார். இந்த விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்குமாம். இடம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், கடைசி விதை முளைத்து ஓயும்வரை நான் இங்கேயே இருக்க வேண்டும். புல் வளர்கிற பருவத்தில் விடுப்பு கிடையாது. குளிரில் படகு கிடையாது. மற்றவர்களுக்குத் தண்டனை என்றால் வேறு இடத்துக்கு மாற்றுவார்கள், எனக்கு இதே இடம்தான் தண்டனை. கேட்டதும் சிரிப்பு வந்தது. அப்புறம் வீட்டுக்குள் போய் அழுதேன்.

எனக்கும் முழங்கால் போய்விட்டது. குடும்பச் சொத்து.

வாலு

மார்ச் 1

அடியே வாலு,

நீ எழுதமாட்டேன் என்று சொன்னதையெல்லாம் எழுதியிருந்தாய். வாசித்தேன்.

இத்துடன் முழங்காலுக்கு ரப்பர் மெத்தை ஒரு ஜோடி வருகிறது. வெல்க்ரோ இல்லை, கொக்கி இல்லை, தையல்கூட இல்லை. நான் பார்த்தேன், கண்ணாடிக்காரர் பார்த்தார், மேடமே வந்து பார்த்தார். இப்போதெல்லாம் அவர் என்னைப் பார்க்கிற பார்வையில் கொஞ்சம் வித்தியாசம். மரியாதையா சந்தேகமா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அலுவலகத்துக்கு நல்லதுதான். நாங்களும் வேலை முடிந்ததும் ஒருவர் முழங்காலை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். முதல் நாள் கண்ணாடிக்காரர், "மன்னிச்சுக்குங்கக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் டார்ச்சை எடுத்தார். மன்னிப்பெல்லாம் அப்புறம், முதலில் மடிப்பைப் பாருங்கள் என்றேன்.

பின் அறைக் கட்டிலை அப்படியே வைத்திரு. களைக்காரர்கள் வருஷாவருஷம் வருவார்கள். அதில் யாராவது ஒரு பெண் உன்னோடு பேசுகிற மாதிரி இருந்தால் அவளை அங்கே படுக்கவை. நான் வரமுடியாது என்பதற்காக அந்த அறை சும்மா கிடக்க வேண்டுமா? எழுதுவதை மட்டும் நிறுத்தாதே. எனக்கும் வேறு யார் இருக்கிறார்கள்.

தீவுக்கு ஏறக் கூடாதவர்களின் படங்கள் என் அறைச் சுவரில் இருக்கும், உனக்குத் தெரியும். பூட்ஸ் கழற்றுகிற பலகைக்கு நேர் எதிரே. ஆப்பிளை மறைத்துக் கொண்டுபோனவன், செடியைப் பையில் வைத்துக் கொண்டுவந்தவள் என்று நான்தான் ஒவ்வொன்றாக ஒட்டினேன். போன வாரம் என் படம் வந்தது. அலுவலக அட்டைக்கு எடுத்த படம், தலை சீவாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டு. கண்ணாடிக்காரர் கதவுக்குப் பின்னால் ஒட்டலாம் என்றார். நான் பசையை வாங்கி நடுவில் ஒட்டிவிட்டேன்.

இன்று காலை ஒருத்தன் வந்தான். கழுத்தில் பெரிய கேமரா. பூட்ஸைக் கழற்றமாட்டேன் என்றான். "எத்தனை நாட்டுக்குப் போயிருக்கேன், எங்கயும் இப்படிக் கெடுபிடி கிடையாது. ஒரு விதையால என்னம்மா ஆயிடப்போகுது?" என்று சத்தம். எனக்குப் பதில் சொல்ல அலுப்பாக இருந்தது. கீழே உட்கார்ந்து, டிரேயை நகர்த்திவைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். அவன் சுவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி சுவரைப் பார்த்தான்.

"இது நீங்கதானே?"

"ஆமா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"தங்கச்சியப் பாக்கப் போனேன்" என்றேன்.

பலகையில் உட்கார்ந்து, குனிந்து, அவனே நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தான்.

அக்கா